30 சதவீதம்: அமெரிக்காவின் கொழுப்பு அறிவுரைக்கு என்ன நடந்தது?

ஒரு நாட்டுக்கே பத்தியம் எழுதிக் கொடுத்த கதை இது. 1977 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டின் ஊட்டச்சத்துக் குழு, ‘அமெரிக்காவுக்கான உணவு இலக்குகள்’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. கொழுப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், காய், கனி, முழுதானியம் கூட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1976–80 கணக்கெடுப்பின்படி அப்போது அங்கே வயது வந்தவர்களில் 100-க்கு 15 பேருக்கு உடல் பருமன். 1988–94 கணக்கெடுப்பில் அது 23 ஆனது. 1999–2000ல் 30.5. 2017–18ல் 42.4.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, இல்லை காக்கைதான் தள்ளிவிட்டதா? இந்தக் கேள்விக்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் உலவுகின்றன. கொழுப்பைக் குறைக்கச் சொன்னதால்தான் எல்லோரும் குண்டானார்கள் என்பது ஒன்று. அறிவுரை சரிதான், மக்கள்தான் கேட்கவில்லை என்பது இன்னொன்று. கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை. அறிவுரை கிளம்பிய இடத்தில் ஒரு மாதிரி இருந்தது, மக்களின் கைக்கு வந்தபோது வேறு மாதிரி ஆகியிருந்தது. நடுவில் நடந்ததைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதயத்துக்கு எழுதிய சீட்டு

1955 செப்டம்பரில் அதிபர் ஐசனாவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. அந்த நாட்டில் மரணங்களுக்கு முதல் காரணமாக இதய நோய் இருந்த காலம் அது. அதிபரே படுத்ததும், எதைச் சாப்பிட்டால் மாரடைப்பு வரும் என்பது நாளிதழ்களின் பேச்சாகிவிட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: உணவுக் கொழுப்பு ரத்தக் கொலஸ்டிராலை ஏற்றுகிறது, அது ரத்தக் குழாயை அடைக்கிறது. 1958ல் அவர் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் 12,763 ஆண்கள் இருந்தார்கள். நிறைவுற்ற கொழுப்பை, அதாவது வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் நிறைய இருக்கும் வகையை, அதிகம் சாப்பிட்ட ஊர்களில் இதய நோயும் அதிகம் என்றது அது.

இங்கே ஒரு சின்ன விலகல். 22 நாடுகளின் தரவு கையில் இருந்தும் தனக்குத் தோதான ஏழு நாடுகளை மட்டும் கீஸ் பொறுக்கி எடுத்தார் என்று ஒரு கதை இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு சம்பவங்கள் குழம்பிக் கிடக்கின்றன. 1953ல் அவர் போட்ட ஒரு வரைபடத்தில் ஆறு நாடுகள் இருந்தன. 22 நாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு பலவீனமாகிறது என்று 1957ல் யெருஷால்மி, ஹில்லபோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏழு நாடுகள் ஆய்வு அதற்கப்புறம் தொடங்கியது, வேறு வகையான வேலை. கீஸைக் குறைசொல்ல இடம் உண்டு, ஆனால் இந்தக் கதையை வைத்துச் சொல்ல முடியாது.

நமக்கு முக்கியமான விஷயம் வேறு. இந்த அறிவுரை இதயத்துக்காகப் பிறந்தது. குறி வைத்தது ரத்தக் கொலஸ்டிராலை, அதிலும் பின்னாளில் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்டிரால்) என்று பிரித்துச் சொன்ன பகுதியை. எடை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. அப்படியானால் கொழுப்பைக் குறைத்தால் எடையும் தானாகக் குறையும்தானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்கும் அதைச் சொல்வதற்கு முன்னால் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லை.

‘இறைச்சி’ என்ற சொல் போன இடம்

செனட் குழுவின் தலைவர் ஜார்ஜ் மெக்கவர்ன். அறிக்கையை எழுதியவர் குழுவின் ஊழியர், முன்னாள் பத்திரிகை நிருபர். முதல் பதிப்பின் இலக்குகள் இவை: மொத்த ஆற்றலில் கொழுப்பு 30 சதவீதம் (நிறைவுற்ற கொழுப்பு மட்டும் மொத்த ஆற்றலில் 10 சதவீதம்), சர்க்கரையும் சேர்த்து மாவுச்சத்து 55 முதல் 60 சதவீதம் (சர்க்கரை மட்டும் 15 சதவீதம்), கொலஸ்டிரால் நாளுக்கு 300 மில்லிகிராம், உப்பு 3 கிராம். எண்களோடு நடைமுறைக்கு உதவும் சில வரிகளும் இருந்தன. அவற்றில் ஒன்று, இறைச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது.

மாட்டுப் பண்ணையாளர்கள் கொதித்தார்கள். மெக்கவர்னின் சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவும் மாடு வளர்க்கும் மாநிலம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரி மாறிவிட்டது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும்படியான இறைச்சி, கோழி, மீன் வகைகளைத் தேர்ந்தெடுங்கள் என்று ஆனது.

என்னைக் கேட்டால் இந்தக் கேஸின் திருப்புமுனை இந்த ஒரு வரிதான். ‘இறைச்சி’ என்பது தட்டில் இருக்கும் பொருள், யாருக்கும் புரியும். ‘நிறைவுற்ற கொழுப்பு’ தட்டில் தெரியாது, அதை யாராவது அளந்து லேபிளில் அச்சடித்துக் கொடுத்தால்தான் உண்டு. உணவின் பெயரைச் சொன்னால் ஒரு தொழிலுக்குக் கோபம் வரும், சத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அதற்குப் பின் வந்த அரசு அறிவுரைகளில் குறைக்கச் சொல்லும் இடத்தில் சத்தின் பெயரும், கூட்டச் சொல்லும் இடத்தில் உணவின் பெயரும் இருப்பது வழக்கமாகிவிட்டது.

1980ல் வேளாண் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து முதல் அதிகாரபூர்வ உணவு வழிகாட்டியை வெளியிட்டன. ஏழே ஏழு வாக்கியங்கள். பலவகை உணவு சாப்பிடுங்கள், சரியான எடையில் இருங்கள், கொழுப்பு அதிகம் வேண்டாம், போதிய மாவுச்சத்தும் நார்ச்சத்தும் வேண்டும், சர்க்கரை அதிகம் வேண்டாம், சோடியம் அதிகம் வேண்டாம், குடிப்பவர்கள் அளவோடு குடியுங்கள். அவ்வளவுதான். இன்றைக்கு வாசித்தாலும் இதில் பெரிய தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். சர்க்கரையைப் பற்றியும் எடையைப் பற்றியும் அன்றே சொல்லியிருக்கிறார்கள். ‘அமெரிக்க அரசு சர்க்கரையைக் கண்டுகொள்ளவே இல்லை’ என்று எழுதுபவர்கள் இந்த ஏழு வரிகளையும் ஒருமுறை படித்துவிடலாம்.

ஆனால் சர்க்கரைத் தரப்பு சும்மா இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு 1960-களில் ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்குக் கொழுப்பைப் பிரதானக் காரணமாகக் காட்டும் ஒரு மதிப்பாய்வை எழுத வைத்தது. 1967ல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் அது வந்தது. பணம் வந்த விவரம் அதில் இல்லை. பழைய கடிதங்கள் 2016ல் வெளியான பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

சதவீதம் செய்த வேலை

சரி, மக்கள் கேட்டார்களா இல்லையா? அரசின் தேசியக் கணக்கெடுப்பில் 1971–74க்கும் 1999–2000க்கும் இடையே என்ன மாறியது என்று பார்ப்போம். பெண்களின் உணவில் கொழுப்பின் பங்கு 36.1 சதவீதத்திலிருந்து 32.8க்கு இறங்கியது. ஆண்களுக்கு 36.9லிருந்து அதே 32.8. இலக்கான 30ஐ நோக்கி நாடு ஒழுங்காக நடந்திருக்கிறது. வெற்றி என்றுதான் சொல்லத் தோன்றும்.

இப்போது அதே கணக்கெடுப்பில் மொத்தக் கலோரியைப் பாருங்கள். பெண்களின் ஒரு நாள் சராசரி ஆற்றல் 1,542 கலோரியிலிருந்து 1,877 ஆகியிருக்கிறது. 1,542ல் 36.1 சதவீதம் என்றால் சுமார் 557 கலோரி, அதாவது 62 கிராம் கொழுப்பு. 1,877ல் 32.8 சதவீதம் என்றால் சுமார் 616 கலோரி, 68 கிராம். சதவீதம் குறைந்திருக்கிறது, சாப்பிட்ட கொழுப்பு ஆறு கிராமுக்கு மேல் கூடியிருக்கிறது! அதே சமயம் மாவுச்சத்தின் பங்கு 45.4லிருந்து 51.6 சதவீதம் ஆனது. கலோரியில் அது 700லிருந்து 968. கூடிய 335 கலோரியில் 268 மாவுச்சத்தும் சர்க்கரையும் கொண்டுவந்தவை.

ஆண்களின் கணக்கு கொஞ்சம் வேறு. கொழுப்பு ஐந்து கிராம் போலக் குறைந்தது, ஆனால் மொத்தம் 2,450லிருந்து 2,618 கலோரிக்கு ஏறியது. இவையெல்லாம் மக்கள் தங்கள் வாயால் சொன்னவை, கேட்கும் முறையும் இடையில் மாறியது. அதனால் கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் போன திசை தெளிவு.

ஒரு பொருளின் பங்கைக் குறைக்க இரண்டு வழி உண்டு. அந்தப் பொருளைக் குறைக்கலாம், அல்லது மற்றதைக் கூட்டலாம். ‘30 சதவீதம்’ என்று இலக்கு வைத்தவர்கள் முதல் வழியை மனதில் வைத்திருந்தார்கள். நாடு இரண்டாவது வழியில் போனது. அறிவுரையை மீறாமலே அதிகம் சாப்பிட முடியும் என்பதை அறிவுரை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

கடையில் வந்த மொழிபெயர்ப்பு

நாடு அந்த வழியில் போக உதவி செய்தவர்களும் இருந்தார்கள். 1990ல் வெளியான அரசின் சுகாதார இலக்கு ஆவணம், 2000-க்குள் கொழுப்பு குறைத்த பதப்படுத்திய உணவுகள் குறைந்தது 5,000 வகை சந்தையில் இருக்க வேண்டும் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் கவனியுங்கள், கேட்டது காய்கறியை அல்ல, புதிய பாக்கெட்டுகளை.

1992ல் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, வேளாண் துறையின் உணவுப் பிரமிடு. அகலமான அடித்தட்டில் ரொட்டி, சீரியல், அரிசி, பாஸ்தா, நாளுக்கு 6 முதல் 11 பரிமாறல்கள். உச்சியில் சின்ன முக்கோணத்தில் கொழுப்பு, எண்ணெய், இனிப்புகள், ‘கொஞ்சமாக’ என்ற குறிப்போடு. தவிடு நீக்கிய மாவும் முழுதானியமும் அந்த அடித்தட்டில் ஒரே மாதிரி படுத்திருந்தன.

இன்னொன்று, நபிஸ்கோ நிறுவனத்தின் ஸ்நாக்வெல்ஸ் குக்கீ. பச்சைப் பெட்டி, கொழுப்பு பூஜ்யம், சாக்லேட் குக்கீ ஒன்றுக்கு 50 கலோரி. கடைகளில் தட்டுப்பாடு வருகிற அளவுக்கு ஓடியது. குக்கீயில் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, மென்மையும் ஈரமும் வாயில் கரைவதும் அதன் வேலை. அதை எடுத்தால் அந்த இடத்தில் ஏதாவது நிற்க வேண்டும். நின்றது சர்க்கரை, சிரப், மாவு, பசை. பெட்டியின் முன்பக்கம் ‘கொழுப்பில்லை’ என்று கத்தியது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. இரண்டு சாப்பிட வேண்டிய இடத்தில் ஆறு சாப்பிட்டாலும் குற்ற உணர்வு வராது, அனுமதிதான் கிடைத்துவிட்டதே. ஊட்டச்சத்துக்காரர்கள் இந்தப் பழக்கத்துக்கு ‘ஸ்நாக்வெல் விளைவு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

1980ன் ஏழு வாக்கியங்களில் பாக்கெட்டில் போட்டு விற்க முடிந்தது ஒன்றைத்தான். அதுவே நாட்டின் காதில் விழுந்தது.

கடைசியில் சோதித்துப் பார்த்தார்கள்

கொழுப்பு குறைந்த உணவு என்ன செய்யும் என்பதை உண்மையிலேயே பெரிதாகச் சோதித்தது மகளிர் நல முன்முயற்சி ஆய்வு. மாதவிடாய் நின்ற 50 முதல் 79 வயதுப் பெண்கள் 48,835 பேர். அவர்களில் 40 சதவீதத்தினருக்குக் கொழுப்பை 20 சதவீதத்துக்குக் கொண்டுவரப் பயிற்சி, முதல் ஆண்டில் மட்டும் 18 குழுக் கூட்டங்கள். மற்றவர்கள் கையில் ஒரு கையேடு. சராசரியாக 8.1 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். முடிவு 2006ல் வந்தது.

இவ்வளவு கூட்டம் போட்டும் 20 சதவீதத்தை அவர்களால் எட்ட முடியவில்லை. முதல் ஆண்டில் 24 வரை இறங்கி, ஆறாம் ஆண்டில் 29க்கு ஏறிவிட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. எடை முதல் ஆண்டில் 2.2 கிலோ குறைந்தது. ஏழரை ஆண்டு முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே மிச்சமிருந்த வித்தியாசம் 400 கிராம்.

கொழுப்பைக் குறைத்தால் குண்டாவார்கள் என்று சொல்பவர்களும் இதே 400 கிராமைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அது குறைந்த பக்கம் இருக்கிறது, கூடிய பக்கம் இல்லை. காய், கனி, தானியத்தைக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்த அந்தப் பெண்களுக்கு அறிவுரையால் எடை ஏறவில்லை. பயிற்சியாளர் கூட இருந்து சொன்ன அறிவுரையும் குக்கீப் பெட்டி சொன்ன அறிவுரையும் வேறு வேறு.

இன்னும் வலுவான சாட்சி 2002ல் வந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேர். ஒரு பிரிவினருக்குக் கொழுப்பும் கலோரியும் குறைந்த உணவு, வாரம் 150 நிமிடம் நடை, எடையில் 7 சதவீதம் இறக்குவது இலக்கு, ஆளுக்கு ஒரு பயிற்சியாளர். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையால் குறைந்தது 31 சதவீதம். இதுவும் அதே ‘கொழுப்பைக் குறை’ அறிவுரைதான்!

பட்டியலில் இல்லாத எண்

எடையை மட்டும் பார்த்தால் கேஸின் பாதி தெரியாமல் போகும். இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு), எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்டிரால்), ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று கெட்டிருந்தால் அதை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு என்கிறார்கள். ஐந்தையும் இன்னொரு முறை வாசியுங்கள். எல்டிஎல் அதில் இல்லை. 1977ன் அறிவுரை எதைக் குறி வைத்ததோ அது இந்தப் பட்டியலிலேயே கிடையாது.

நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாவுச்சத்தை வைத்தால் எல்டிஎல் இறங்கும், உண்மை. கூடவே எச்டிஎல்லும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். வைத்தது சர்க்கரையும் சலித்த மாவுமாக இருந்தால் ஏற்றம் இன்னும் அதிகம். இன்சுலினுக்குச் சரியாக மசியாத உடம்பில், தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பும், கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதாவது ஒரே ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்டிஎல் வரியில் பாராட்டும் டிரைகிளிசரைடு வரியில் எச்சரிக்கையும் வரலாம். அந்த இடத்தில் நட்ஸ், எண்ணெய் மாதிரி நிறைவுறாத கொழுப்பை வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எதை எடுப்பது என்று சொன்ன அறிவுரை, அந்த இடத்தில் எதை வைப்பது என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1980க்கும் 2000க்கும் இடையே அமெரிக்காவில் இதய ரத்தக்குழாய் நோயால் சாகிறவர்களின் விகிதம், வயதைச் சரிசெய்து பார்த்தால், பாதியாகிவிட்டது. 2007ல் வந்த ஓர் ஆய்வு இதில் 47 சதவீதத்தைச் சிகிச்சைகளின் கணக்கிலும் 44 சதவீதத்தை ஆபத்துக் காரணிகள் குறைந்ததன் கணக்கிலும் எழுதியது. கொலஸ்டிரால் இறங்கியதற்கு மட்டும் 24 சதவீதம். அதே ஆய்வில் எதிர்ப்பக்கம் இரண்டு வரி: உடல் எடை கூடியது 8 சதவீதத்தையும், நீரிழிவு கூடியது 10 சதவீதத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டது. குறி வைத்தது கிடைத்தது, குறி வைக்காதது கைவிட்டுப் போனது.

கொழுப்பா, மாவா?

அப்புறம் வந்த இருபது வருடச் சண்டையை வேகமாகவே கடந்துவிடலாம். 2018ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் சர்க்கரையும் சலித்த மாவும் வேண்டாம், காய்கறி நிறைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டில் முதல் குழு சராசரி 5.3 கிலோ இறங்கியது, இரண்டாவது 6.0 கிலோ. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மரபணுவை வைத்தோ இன்சுலின் சுரப்பை வைத்தோ யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நிறைய இறங்கியவர்களும் இருந்தார்கள், ஏறியவர்களும் இருந்தார்கள்.

என் கவனத்தைப் பிடித்தது 2019ல் கெவின் ஹால் செய்த சின்ன ஆய்வு. பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் 20 பேரை 28 நாள் தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. முன்னால் வைத்த தட்டுகளில் கலோரி, கொழுப்பு, சர்க்கரை, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வந்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ இறங்கியது.

20 பேர், இரண்டு வாரம். இதை வைத்து ஒரு நாட்டின் 40 வருடத்தை விளக்கிவிட முடியாது. பெரிதாகிப்போன பரிமாறல் அளவு, வெளியில் சாப்பிடுவது, குளிர்பானம், சிகரெட்டை விட்டவர்களின் எடை என்று இன்னும் பல பேர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். ஆனால் 1977ன் இலக்கு எண்களைப் போலவே சத்துகளைச் சமமாக்கிவிட்ட பிறகும் உணவு தன் வேலையைக் காட்டியது என்பதை ஒதுக்க முடியவில்லை. இரண்டு தட்டுகளுக்கும் லேபிள் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

2015 வழிகாட்டியில் மூன்று மாற்றங்கள். கொலஸ்டிராலுக்கான 300 மில்லிகிராம் வரம்பு போய்விட்டது. முக்கியச் சேதிகளில் மொத்தக் கொழுப்பைக் குறைக்கும் பேச்சு இல்லை, நிறைவுற்ற கொழுப்புக்கு மட்டும் 10 சதவீத வரம்பு நீடித்தது. சேர்த்த சர்க்கரைக்கு முதன்முறையாக ஒரு எண் வந்தது: மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள். மெக்கவர்ன் குழுவின் 1977 டிசம்பர் பதிப்பும் பதப்படுத்திய சர்க்கரைக்கு 10 சதவீதம்தான் சொல்லியிருந்தது. அதே எண் திரும்பி வர 38 வருடம் ஆகியிருக்கிறது.

அது பாக்கெட்டின் பின்பக்கம் ஏற இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. விதி 2016ல் வந்தது, பெரிய நிறுவனங்களுக்குக் கெடு 2020. இப்போது அமெரிக்காவில் ஒரு குக்கீப் பெட்டியைத் திருப்பினால் சேர்த்த சர்க்கரைக்கென்று தனியாக ஒரு வரி இருக்கும். கிராமில் ஒரு எண், பக்கத்தில் நாளுக்கான 50 கிராமில் அது எத்தனை பங்கு என்று இன்னொரு எண். அதுவும் சதவீதத்தில்தான்.